எங்கள் முறைக்கு உபவாசம்

அச்சு முறுக்குகள் தட்டில் அடுக்கியது அடுக்கியபடி இருக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை, தட்டு கைமாறிக் கைமாறி வட்டத்தைச் சுற்றி என் மனைவி எப்சிபாவின் மடிக்கே திரும்பிவிட்டது, வேண்டாம்மா, இன்னைக்கு எங்க எல்லாருக்கும் உபவாசம்லா என்கிறார் குழுத் தலைவர் ஞானசிகாமணி அண்ணாச்சி, நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மூன்று பஜ்ஜியோடு உபவாசித்துக்கொண்டிருந்தவரை என் கண்ணால் பார்த்தேன், வெள்ளிதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம், பலகாரம் முறை வைத்து, போன வாரம் பொன்மலர் அக்கா கொண்டுவந்த கேக்குக்குத் தட்டை நக்காத குறை, நாங்கள் எந்தத் தெரு, என்ன சாதி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து எங்கள் முறைக்கு மட்டும் இவர்களுக்குப் பக்தி முற்றிவிடுகிறது, எப்சிபாவுக்கு இது தெரியாது, போன இரண்டு முறையும் அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, நான் தனியாக வந்து, தனியாகவே ஆற்றுப்பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, டப்பா முழுவதையும் தின்று தீர்த்தேன், அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக் கேட்கத் துப்பில்லாமல் முறுக்கைக் கடித்த மாவீரன், வீட்டுக்குப் போய், வழிச்சுத் துடைச்சிட்டாவ எப்சி என்று சொல்லி ஏப்பம் விட்டேன், அவள் முகம் மலர்ந்த மலர்ச்சிதான் இன்று லீவு போட்டு, இரண்டு மடங்கு சுட்டு, சேலை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பத்து வயதிலும் இதே பொய்தான், கிறிஸ்துமஸுக்கு அம்மா கொடுத்துவிட்ட பலகாரத்தை மேலத்தெரு டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கி, நான் கேட்டைத் தாண்டுமுன் கோழிகளுக்கு வீசினார், என்னடே சொன்னாவ என்று அம்மா கேட்டாள், ரொம்ப ருசின்னாவம்மா என்றேன், அந்தக் கோழிகள் இன்றும் கனவில் வருகின்றன, மடியில் வேதாகமத்தோடு வட்டமாக உட்கார்ந்து தலையை ஆட்டுகின்றன, இல்லை, அது கனவில்லை, இந்த அறைதான், எப்சிபா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், போன ரெண்டு தடவையும் இப்படித்தானா என்கிறாள் மெல்ல, நான் வேதாகமத்தைப் புரட்டுகிறேன், தம்பி, முடிவு ஜெபத்த நீங்களே பண்ணிருங்க என்கிறார் அண்ணாச்சி, எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள், ஆண்டவரே, எங்கள் முறை வரும்போதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குப் பசியெடுக்காமல் காத்துவருகிறீரே, உமக்கு ஸ்தோத்திரம் என்கிறேன், ஸ்தோத்திரம் என்று வாய் வழக்கத்தில் பாதிப் பேர் சொல்லத் தொடங்கி, பாதியில் சொல்லை விழுங்குகிறார்கள், நான் ஆமென் சொல்லாமல் ஒருவரும் கண் திறக்க முடியாது, ஆகவே சொல்லவில்லை, கை நீட்டி ஒரு முறுக்கை எடுத்துக் கடிக்கிறேன், அந்த அமைதியில் கூரை ஓடு உடைவது போல் கேட்கிறது, தம்பி, ஆமென் என்று கிசுகிசுக்கிறார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமலே, இன்னொன்று எடுக்கிறேன், அப்போது பக்கத்திலும் ஒரு கடி, எப்சிபா, மூடிய இமைக்கடியில் நீர் வழிய, தாடை இறுக, மென்றுகொண்டிருக்கிறாள், தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்து வைக்கிறேன், நிறைய இருக்கிறது, ஆமெனுக்கு அவசரமில்லை.