ஆமை புகுந்த கில்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். இதை நான் சொல்லல, என் வீட்டுக்காரர் சொல்றது. முடி வெட்டுற வேலையில இருக்கிறவளுக்கு அது ஆகவே ஆகாது, கையில கத்திரி வேற இருக்கு. அதனால சலூன்ல நாள் முழுக்க பல்லைக் காட்டிச் சிரிச்சுப் பேசிட்டு, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து யாராவது ஒரு அரக்கனை நாலு சாத்து சாத்துவேன். அப்பதான் சோறு இறங்கும்.

"நம்ம தெருவுல இன்னும் கொலை விழாம இருக்குன்னா, அந்த அரக்கனுங்க பண்ண புண்ணியம்"னு வீட்டுக்காரர் சொல்லுவார். சொல்லிட்டுப் போகட்டும்.

எத்தனை ஆட்டம் ஆடியிருக்கேன்! எங்கெங்கேயோ இருக்கிறவங்க எல்லாம் ஒரே உலகத்துக்குள்ள வந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கிட்டு, சேர்ந்து சண்டை போடுற ஆன்லைன் ஆட்டங்க. மொத ஆட்டத்துல நுழைஞ்ச அன்னைக்கே இருட்டுக் காட்டுல வழி தெரியாம மாட்டிக்கிட்டேன். ஒரு குள்ள மந்திரவாதி வந்தான். தீப்பந்தம் ஒண்ணைக் கீழ போட்டான். "எடுத்துக்கோ, இடது பக்கமாவே போ"ன்னு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருந்தான். பேரு கேட்கல, ஊரு கேட்கல. நேர்ல எந்தத் தெருவுல எந்த மகராசன் எனக்கு இப்படி வழி காட்டியிருக்கான்? அன்னைக்கு விழுந்தவதான், இன்னும் எழுந்திருக்கல.

அந்த ஆட்டத்தை, அதுல என் குதிரையைத் திருடின ஒருத்தன் மேல இருந்த கோபத்துல விட்டேன். அடுத்தது விண்வெளி ஆட்டம். அதுல ஒரு கொள்ளைக்காரன் என் கப்பலைச் சுக்குநூறாக்கிட்டு, "நல்லா சண்டை போட்டே"ன்னு சொல்லித் தன்னோட பழைய கப்பலைக் குடுத்துட்டுப் போனான். கொள்ளைக்காரன்னா அவன் கொள்ளைக்காரன்! மூணாவது ஆட்டத்துல எங்க கில்டுத் தலைவன், கில்டுன்னா நாங்க சேர்ந்து ஆடுற கூட்டம், எல்லாரும் உயிரைக் குடுத்துச் சேர்த்த பொதுப் பெட்டியைத் துடைச்சு எடுத்துக்கிட்டு ஓடிட்டான். நான் கீபோர்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். வீட்டுக்காரர் சோபாவுக்கு அடியில இருந்து ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கிக் குடுத்தார். இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லிட்டு, நாலாவது ஆட்டத்துல போய்ப் படுத்தேன்.

நல்ல வேளை படுத்தேன். அங்கதான் எங்க தலைவி கிடைச்சா. அவ ஒரு சலவைக்கடை நடத்துறவ. அவ பேசுறப்ப பின்னாடி மெஷின் உருளுற சத்தம் ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே இருக்கும். சண்டை நடுவுல "சட்டை ரெடி, எடுத்துக்கோங்க"ன்னு யாருக்கோ சொல்லிட்டு, அதே மூச்சுல "வால் வருது, குதிங்க!"ன்னு எங்களுக்குச் சொல்லுவா. ஒரு தடவை கூட மாத்திச் சொன்னதில்ல. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்த ஆட்டத்துல நான் டேங்க். முன்னால போய் நின்னு எல்லார் அடியையும் வாங்குற வேலை. தாடி வச்ச இரும்புக் கவசக்காரன்தான் என் வேஷம். பின்னாடி ரெண்டு ஹீலர் நிப்பாங்க. அடி வாங்கிக் குறையுற உயிரை ஏத்தி விடுற வைத்தியர் மாதிரி. அவங்க அசந்தா நான் காலி.

இப்ப என் அண்ணனைப் பத்திச் சொல்லணும்.

அண்ணன் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன். ஒரு மழை நாள் கிரேன் ஏணியில வழுக்கி விழுந்து, தோள்பட்டையில நரம்பு அறுந்து, வலது கை அப்படியே தொங்கிப் போச்சு. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். பின் ரூம்ல சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். சாப்பிடக் கூப்பிட்டா "அப்புறம்". டாக்டர்கிட்டப் போகலாமான்னா "அப்புறம்". அவன் இருக்கிற இடத்துல எப்பவும் சத்தமும் சிரிப்புமா இருக்கும். இப்ப அந்தக் கதவைத் தாண்டுறப்ப நானே பூனை மாதிரி நடந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாம, "எனக்கு ஒரு ஹீலர் குறையுது, வந்து உட்காரு"ன்னு கத்தினேன்.

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு என்னத்தைப் பண்றது?"

"சாகாம பார்த்துக்கோ, போதும்."

முனகிக்கிட்டே வந்தான். பேரு என்ன வைக்கன்னு கேட்டேன். "ஆமைன்னு வை. அப்புறம் எவனும் என்னை மெதுவுன்னு சொல்லிக் காட்ட முடியாதில்ல"ன்னான். மாசக்கணக்குக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவன் வாயில இருந்து ஒரு குசும்பு வந்துச்சு. நான் சமையலறைக்குப் போய் நின்னு அழுதுட்டு வந்தேன்.

ஆனா ஒரு கண்டிஷன் போட்டான். "வாலு, நல்லாக் கேட்டுக்கோ. என் கையைப் பத்தி ஒரு வார்த்தை அவங்களுக்குத் தெரியக் கூடாது. இரக்கப்பட்டு எவனும் எனக்கு இடம் குடுக்க வேண்டாம். தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே இதை மூடிட்டு உள்ள போய்ப் படுத்துடுவேன், அப்புறம் நீ கரடியாக் கத்தினாலும் வர மாட்டேன்." சின்ன வயசுல இருந்து அவன் என்னை வாலுன்னுதான் கூப்பிடுவான். சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

ஒரே மேஜையில எதிரும் புதிருமா உட்கார்ந்து ஆடுவோம். மைக்கை அவன் திறந்ததே இல்ல. மவுஸுக்கும் கீபோர்டுக்கும் அதே இடது கைதான் ஓடணும். அதனால அடி விழுந்தப்புறம் வைத்தியம் பண்ணினா அவனால எட்டிப் பிடிக்க முடியாது. என்ன பண்ணான் தெரியுமா? அடி விழுறதுக்கு முன்னாடியே வைத்தியத்தை ஆரம்பிச்சுடுவான்! அரக்கன் தோளை அசைக்கிறப்பவே இவன் மந்திரம் பாதி ஓடியிருக்கும். அடி விழுற அதே நேரம் வைத்தியமும் வந்து விழும்.

"கிரேனும் இப்படித்தான்டி. சரக்கு இடத்துக்கு வந்தப்புறம் நிறுத்தினா அது ஆடிக்கிட்டுப் போய் எவன் மண்டையிலயாவது இடிக்கும். வர்றதுக்கு முன்னாடியே கையை இழுத்துடணும்"னு சொல்லுவான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகும்.

ஆனா கணிப்புன்னா தப்பவும் செய்யும். தப்பினா செத்து விழுறது நான். உடனே கில்டுல ஆரம்பிச்சுடுவாங்க, "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னு. இன்னொரு ஹீலர் மின்னல்னு ஒரு பொண்ணு. உயிர் குறைஞ்ச கண்ணிமைக்கிற நேரத்துல ஏத்தி விட்டுடுவா, அவ்வளவு வேகம். அவ பக்கத்துல நிக்கிறவன் யாரா இருந்தாலும் ஆமைதான்.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் கல் ராட்சசனை அடிக்கப் போனோம். எங்க கில்டு அவன்கிட்ட அடி வாங்காத வாரமே இல்ல. புதுசா என்னமோ வசதி வந்திருக்குன்னு அன்னைக்கு உலகமே உள்ள வந்து குவிஞ்சிருந்தது. மொத தடவையே அண்ணன் கணிப்பு தப்பி நான் தரையில கிடந்தேன். என் பின்னாடி இருந்தவங்களும் வரிசையா விழுந்தாங்க.

மறுபடியும் உயிர் வந்து எல்லாரும் எழுந்து நின்னப்ப, தலைவி பெருமூச்சு விட்டா. "ஆமை, கோவிச்சுக்காதீங்க. எத்தனை வாரமாப் பார்க்கிறோம். இன்னைக்கு மின்னலோட தங்கச்சி வந்திருக்கா, இனிமே உங்க இடத்துல அவ ஆடட்டும். நீங்க வேற சின்ன சண்டைக்கு வாங்க, சரியா?"

அண்ணன் இடது கையால "சரி"ன்னு தட்டினான். மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தைப் பார்த்தேன். சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தானே, அதே முகம். மறுபடியும் அந்த ரூம், அந்தக் கதவு, அந்த "அப்புறம்". எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வாயைத் திறந்தா அவனுக்குக் கேட்டுடும். அதனால தலைவிக்கு மட்டும் தனியா போற மாதிரி தட்டினேன். "அவன் என் அண்ணன். வலது கை விழுந்து போச்சு. ஒத்தைக் கையால ஆடுறான். உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" அனுப்பிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு பெரியவங்க என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கணும்.

செய்தி போகல. எதுவுமே போகல. கூட்டம் தாங்காம சர்வர் திணற ஆரம்பிச்சிருந்தது. நடன்னா கொஞ்சம் நேரம் கழிச்சு நடக்குது, அடின்னா ஆற அமர அடிக்குது. ஹெட்போன் பேச்சு வேற வழியா வர்றதால அது மட்டும் ஒழுங்கா கேட்டுச்சு.

"ஆமையை எடுக்கச் சொல்லி அழுத்திட்டேன், எடுக்க மாட்டேங்குதே"ன்னு தலைவி புலம்பினா. அதுக்குள்ள எவனோ முன்னாடியே எடுத்து வச்ச அடி இப்ப போய் விழுந்து, ராட்சசன் முழிச்சுக்கிட்டான். பின்னாடி கதவு மூடிக்கிச்சு. வெளியவும் போக முடியாது, ஆளையும் மாத்த முடியாது.

"செத்தோம்"னா மின்னல். பாவம், அவ விரல் வேகம் அன்னைக்குச் செல்லாக்காசாப் போச்சு. உயிர் குறையுறதைப் பார்த்து அவ அழுத்தினா, அது போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் பொணம். அவ்வளவு பேரும் ஆமையா மாறிட்டோம்.

ஆனா ஏற்கனவே ஆமையா இருந்தவனுக்கு என்ன நஷ்டம்?

ராட்சசன் சுத்தியலைத் தூக்கக்கூட இல்ல, அதுக்கு முன்னாடியே அண்ணன் இடது கை பாய்ஞ்சு முடிச்சிருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுக்கணும், அவ்வளவுதான். சுத்தியல் என் தலையில இறங்குது, நான் முடிஞ்சேன்னு நினைக்கிறேன், அவன் வைத்தியம் அதே நேரத்துல வந்து இறங்குது. திரும்பவும் அடி, திரும்பவும் வைத்தியம். நான் எட்டிப் பார்த்தேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டு, கண்ணைச் சுருக்கிக்கிட்டு, உதட்டுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டு இருந்தான். "வா... வா... இழு. வா... இழு." கிரேன் மேல உட்கார்ந்திருக்கிறப்ப அவன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். என் அண்ணன்! நாடி நரம்பெல்லாம் கத்தணும் போல இருந்துச்சு எனக்கு.

ராட்சசன் முழங்கால் மடங்கி, மலை சரியுற மாதிரி சரிஞ்சான். கில்டே கத்துச்சு. தலைவி யாரோ வாடிக்கையாளர்கிட்ட "எங்க ராட்சசன் செத்துட்டான்ங்க"ன்னு சொல்றது கேட்டுச்சு. அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். எப்படின்னு கேட்கிற தூக்கல்.

அந்த நேரம் பார்த்து சர்வர் தெளிஞ்சது. தேங்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்து கொட்டுச்சு. அதுல என் செய்தியும் வந்துச்சு. தலைவிக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். கோபத்துல தனி வரியில தட்டாம பொது வரியில தட்டித் தொலைச்சிருக்கேன். அதுக்குக் கீழயே இன்னொரு வரி: "ஆமை குழுவிலிருந்து நீக்கப்பட்டார்."

கத்திக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் அதைப் படிக்க ஆரம்பிச்சாங்க.

அண்ணன் படிச்சான். ஹெட்போனைக் கழட்டி மேஜை மேல வச்சான். "சத்தியம் பண்ணினியே வாலு"ன்னான். கோபமாச் சொல்லியிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். அவன் மெதுவாச் சொல்லிட்டு எழுந்து பின் ரூம் பக்கம் நடந்தான்.

"அண்ணா, நில்லு! அது முன்னாடியே அழுத்தினது, சர்வர் இப்பதான் விட்டுச்சு. நீ ஜெயிச்சப்புறம் யாரும் உன்னைத் தூக்கல!" அவன் காதுல விழுந்த மாதிரியே தெரியல. அவன் திரையில தலைவி அனுப்பின அழைப்பு மினுக்கிக்கிட்டு இருந்தது. ஏத்துக்கிறியா, மறுக்கிறியான்னு ரெண்டு பொத்தான். என்ன பண்றதுன்னு தெரியாம என் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி எறிஞ்சேன். கில்டு மொத்தமும் ஸ்பீக்கர்ல எங்க வீட்டுக்குள்ள பேச ஆரம்பிச்சது.

"எங்க அவரு? போயிட்டாரா?" தலைவி கத்தினா. "கை ஒண்ணோ, எட்டோ, எனக்கென்ன? உயிரோட நிக்கிறேன்ல? யோவ் ஆமை, அழைப்பை அழுத்துய்யா!"

அண்ணன் கதவுப் பிடியில கை வச்சுக்கிட்டு நின்னான். திரும்பல.

அப்புறம் மின்னல் குரல், தயங்கித் தயங்கி. "ஆமை சார்... நான் எவ்வளவு வேகமா அழுத்தியும் ஆள் செத்துக்கிட்டே இருந்தாங்க. அடி விழப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியுது? அரக்கனோட கையைப் பார்க்கணுமா, காலைப் பார்க்கணுமா? எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

அவ கையைப் பத்திக் கேட்கல. பாவம்னு சொல்லல. வேலையைப் பத்திக் கேட்டா. அண்ணன் பிடியை விட்டான்.

"கையையும் இல்ல, காலையும் இல்ல. தோளைப் பார்க்கணும்"னு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

"என்கிட்ட ஏன் சொல்றே? அவகிட்டப் போய்ச் சொல்லு!"ன்னு நான் அழுதுகிட்டே கத்தினேன்.

"உன்கிட்ட அப்புறம் வச்சுக்கிறேன்"னான். வந்து உட்கார்ந்தான். இடது கையால அழைப்பை அழுத்தினான். அப்புறம் மவுஸ் மைக் படத்துக்கு மேல போய்க் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அதையும் அழுத்தினான்.

தொண்டையைச் செருமினான். அந்தப் பக்கம் சலவை மெஷின் உருளுறது மட்டும் கேட்டுச்சு.

"தோளைப் பார்க்கணும் பாப்பா. மிச்சத்தை அடுத்த ஞாயிறு சொல்றேன்"னான். கிரேன் மேல இருந்து கீழ கத்திக் கத்திப் பழகின அதே பழைய குரல், வீடே அதிர்ந்துச்சு. "எல்லாரும் நேரத்துக்கு வந்துடுங்க. எவனுக்காகவும் நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."