பதினொன்றில் ஒன்று

மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். மருந்து சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் முதியோர் இல்லங்களும் எழுதி அனுப்பும் புகார்கள் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரும். ஒரே ஆளைப் பற்றி டாக்டர் ஒன்று, நர்ஸ் ஒன்று, மகன் ஒன்று என்று எழுதினால், அது மூன்று ஆளாகிவிடக் கூடாது; நல்ல மருந்துக்கு வீணாகக் கெட்ட பேர் வரும். அப்படிப்பட்ட இரட்டைகளைப் பிடித்து ஒன்றாகச் சேர்ப்பதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கண்ணுக்கு ஓர் இரட்டைகூடத் தப்பியதில்லை என்று இயக்குநரே ஒரு கூட்டத்தில் சொன்னார். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை, ரத்த அழுத்தத்துக்கான ஒரு புது மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு போயிற்று. அந்த மாத்திரையை வாங்கியவர்கள் பட்டியலையும், எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பட்டியலையும் பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டிருந்தது. வயதானவர்கள் படுக்கையைவிட்டு எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. தலைசுற்றி விழுகிறார்கள், இடுப்பெலும்பு போகிறது. காலைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர்களுக்கு எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அவள் பக்கம் வந்தார். "இந்த மாத்திரையைப் பத்தி முன்னாடியே நமக்குப் புகார் ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. அறிக்கையில ஒரு வரி போடணும். சாயங்காலத்துக்குள்ள சொன்னாப் போதும்."

தேடினாள். ஒன்றே ஒன்று இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் பெண்களுக்கான ஒரு முதியோர் இல்லத்து நர்ஸ் அனுப்பியது. மூன்று பேருக்கு ஆனால்தான் விசாரணை என்பது விதி. ஒன்று என்பதால் அப்படியே கிடந்திருக்கிறது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இதனுடன் சேர்க்கப்பட்டவை, பத்து. சேர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

பத்தையும் திறந்தாள். எல்லாம் அதே இல்லம். பெண், வயது எழுபத்தைந்து, பிறந்த தேதி ஜனவரி ஒன்று. நோயாளியின் பெயர் கேட்காத படிவம் அது. "எழுந்து நின்றவுடன் தலைசுற்றி விழுந்தார்" என்ற வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. விழுந்த தேதி மட்டும் வேறு வேறு. 'இந்தம்மாவுக்குத் தேதியை ஒரு தடவையில் ஒழுங்காக எழுதத் தெரியாதா, திருத்தித் திருத்தி அனுப்புகிறாளே' என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகச் சேர்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

இல்லத்துக்கு ஃபோன் செய்தாள்.

"மேடம், நீங்களா!" என்றாள் நர்ஸ். "குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். புகார் எழுதுற பயிற்சியில நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

"ஆமா சிஸ்டர். அந்தப் புது மாத்திரை விஷயமாத்தான். நீங்க எழுதினது எல்லாம் ஒரே ஆளைப் பத்தியா?"

"ஐயோ, இல்ல மேடம். பதினோரு பேர்."

"எல்லாருக்குமா ஜனவரி ஒண்ணு?"

"இங்க வர்றவங்கள்ல அநேகமா யாருக்குமே பிறந்த தேதி தெரியாது மேடம். எழுபத்தஞ்சு, ஜனவரி ஒண்ணுன்னு போட்டுத்தான் சேர்த்துக்குவாங்க."

"வார்த்தைகூட அப்படியே…"

"நீங்க சொன்னதுதானே! கதை எழுதாதீங்க, ஒரே விஷயத்துக்கு ஒரே வார்த்தை போடுங்கன்னு சொன்னீங்கல்ல? அதை எழுதி சுவத்துலயே ஒட்டி வச்சிருக்கேன்."

அவள் திரையில் அந்தப் பதினொன்றையும் மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினாள். அந்தத் தாமதத்தை நர்ஸ் கோபம் என்று எடுத்துக்கொண்டாள் போல. "நான்தான் ஏதோ தப்பா அனுப்பிட்டேன், அதான் யாரும் வரல. ஆறாவது ஆள் விழுந்தப்பவே ஃபோன் பண்ணியிருக்கணும். பெரிய ஆபீஸ், எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன். மன்னிச்சுக்குங்க மேடம்."

"பரவாயில்ல, விடுங்க சிஸ்டர்," என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

பரவாயில்லையாம்! செய்தது இவள், மன்னிப்புக் கேட்டது அவள், அதையும் பெரிய மனசு பண்ணி வாங்கிப் போட்டுக்கொண்டாயிற்று. வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைக்க நினைக்க அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. எதிர் மேஜைக்காரி நிமிர்ந்து பார்த்தபோது, தன் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருப்பதாகவே பட்டது. குனிந்து, விழாத பேனாவைத் தரையில் தேடினாள்.

இயக்குநரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதிப்படிதானே சேர்த்தீங்க? பதிவுல ஒண்ணுதானே இருக்கு? ஒண்ணுன்னே போடுங்க. யாரும் தோண்டப் போறதில்ல."

இருக்கைக்குத் திரும்பி, "ஒன்று" என்று அடித்தாள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் அவளைக் குத்தியது. எட்டு மாதமாக அந்த ஒன்றை நம்பித்தான் ஊரெல்லாம் அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறது. அழித்துவிட்டுப் "பதினொன்று" என்று அடித்தாள். தவறாகச் சேர்த்தது யார் என்பதையும் எழுதி, மனசு மாறுவதற்குள் அனுப்பினாள். பாரம் இறங்கும் என்று பார்த்தாள், இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டவள் இன்னும் தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பாளே?

மறுபடி ஃபோன் செய்தாள். "சிஸ்டர், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பதினொண்ணும் ஒரே ஆள்னு முடிவு பண்ணி ஒண்ணாச் சேர்த்தது நான்தான். அதனாலதான் யாரும் வரல. காலையில அதைச் சொல்லாம வச்சுட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"ஒண்ணாச் சேர்த்தீங்கன்னா," என்று நர்ஸ் நிதானமாகக் கேட்டாள், "யாரை வச்சுக்கிட்டீங்க?"

"முதல்ல வந்ததை. எட்டு மாசத்துக்கு முன்னாடி, அஞ்சாம் தேதி விழுந்தவங்க."

நோட்டுப் புரளும் சத்தம். "அவங்களா? அவங்க கட்டில் மேலயே சாஞ்சுட்டாங்க. ஒரு சிராய்ப்புகூட இல்ல. இதோ, எதிர்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்காங்க."

அவள் அந்த முதல் புகாரை மறுபடி திறந்தாள்.

"மத்த பத்துப் பேரையும் சொல்றேன், எழுதிக்குங்க," என்றாள் நர்ஸ். யாருக்கு எந்தக் கால், யார் இன்னும் படுக்கையில், யாரை எந்த மாதம் அடக்கம் செய்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது பெயருக்கு மேல் இவளுக்குக் கை ஓடவில்லை. நர்ஸ் நிறுத்தவில்லை.