ஓடையில் எடுத்த படம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழைய படம் பார்க்கவே தெரியாது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தன் மூஞ்சி எங்கே என்றுதான் தேடுவார்கள். மூஞ்சி கிடைத்துவிட்டால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

அன்று தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய். எங்களுக்குப் பந்தாட்ட நாள். காலையிலேயே ஊர் மண்டபத்தில் நல்ல கூட்டம். மருந்துக்கடை ஆல்சப் செத்த பிறகு அவர் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையப் படச்சுருள்கள் கிடைத்தன. லண்டனிலிருந்து வந்து குடியேறிய பிலிப்பா அவற்றைப் பெரிதாக அச்சடித்து, 'டெர்பிஷையரில் அன்றாட வாழ்க்கை' என்று எழுதிப் போட்டு, சுவர் முழுக்க மாட்டியிருந்தாள். ரொட்டி வண்டி, வைக்கோல் ஏற்றுகிறவர்கள், பன்றி அறுக்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"அந்தக் கழுதைக்குப் பக்கத்துல நிக்கிறது நான்தான்" என்றாள் டோரின்.

"இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்டான் என் கணவன் ராய். மண்டபமே சிரித்தது. அன்று அவன் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். அந்த வருஷம் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புதுக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், அறுபத்தாறு வயதில் புது மாப்பிள்ளை முறுக்கு.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேல்கரையில் பிறந்தவர்கள் பந்தை மேல் ஆலைக் கல்லில் கொண்டுபோய் அடிக்க வேண்டும். கீழ்கரைக்காரர்கள் கீழ் ஆலைக் கல்லில். நடுவே ஓடை. ஊரே இறங்கி ஆடும். கொலை மட்டும் செய்யக் கூடாது என்பதுதான் விதி. அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

என் அண்ணன் கீத் அந்த ஓடையில்தான் செத்தான். எழுபத்தெட்டாம் வருஷ ஆட்டத்தில். எல்லோரும் பந்தோடு போன பிறகு, மர வேரில் சிக்கிக் குப்புறக் கிடந்தான். கீழ்கரை நெவில் உதைத்துத்தான் செத்தான் என்று எங்கள் மேல்கரை முடிவு கட்டியது. அடக்கம் முடிந்த மறுநாள் நாலு பேர் மதுக்கடையின் பின்முற்றத்தில் நெவிலை மடக்கினார்கள். தாடையை உடைத்தார்கள். விழுந்த பிறகு முழங்காலில் ஏறி மிதித்தார்கள். முன்னால் நின்று மிதித்தவன் ராய். எனக்காகத்தான் மிதித்தான் என்று நான் நம்பினேன். அடுத்த வருஷம் அவனையே கட்டிக்கொண்டேன்.

கீத் செத்த வருஷத்து ஓடைப் படம் கடைசிச் சுவரில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நூறு ஆண்கள், எல்லோரும் சேறு. அவரவர் தன்னைக் கண்டுபிடித்து மகிழ்ந்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குத் தேட அதில் மூஞ்சி இல்லை. அதனால் படத்தைப் பார்த்தேன்.

கீழே இடது மூலையில் ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். அடியில் இருந்தவன் பந்தை மார்போடு கட்டிப்பிடித்திருந்தான். ஒரு கன்னமும் திறந்த வாயும்தான் வெளியே தெரிந்தன. அது கீத். அமுக்குகிறவன் முகம் தெரியவில்லை, முதுகுதான். ஆனால் கட்டைவிரலில் பூப்போட்ட துணிக்கட்டு இருந்தது. அந்த வாரம் சுத்தியல் பட்டு நசுங்கிய ராயின் விரலுக்கு, அம்மாவின் மேசைத்துணியைக் கிழித்து நான் கட்டிவிட்ட கட்டு.



"ராய், இங்க வா. இது யாரு?"

குனிந்து பார்த்தான். அவன் காது சிவந்தது. "யாரோ. இவ்வளவு சேத்துல யாரைத் தெரியும்?"

"விரலைப் பாரு. நான் கட்டின துணி."

"மெதுவாப் பேசு."

"நீ பாலத்துக்கிட்ட நின்னேன்னு சொன்ன. பந்து தானா மிதந்து வந்துச்சுன்னு சொன்ன."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வலியில் கண்ணில் நீர் முட்டியது. காதருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "அது ஆட்டம், ஹேசல். உங்கண்ணன் பந்தை விடல. முந்தின வருஷமும் அவன்தான் ஜெயிச்சான். ஒரே ஒரு தடவை எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

கல்லில் பந்தை அடிக்கிறவன்தான் ஜெயித்தவன், பந்து அவனுக்குச் சொந்தம். பெயர் எழுதி, வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். கீத் செத்த அன்று ராய் ஜெயித்த பந்து முப்பத்தேழு வருஷமாக எங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே இருக்கிறது, துடைத்து வைக்கிறவள் நான். பக்கத்து மேசையில், அந்த நாள் வழக்கப்படி அப்பம் சுடுகிற இரும்புச் சட்டி இருந்தது. எடுத்து அவன் வாயில் ஓங்கி அடித்தேன். உதடு கிழிந்து புதுக் கோட்டில் ரத்தம் கொட்டியது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. மூன்றாவதுக்குள் நாலு பேர் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

"பைத்தியம் பிடிச்சிடுச்சா? இன்னைக்கு அவன் நாளுடி!" என்று டோரின் கத்தினாள்.

"படத்தைப் பாருங்கடா! கீத்தைக் கொன்னது யாருன்னு பாருங்க!"

பார்த்தார்கள். "அட, பின்னால நிக்கிறது நம்ம டெரிக்!" என்றான் ஒருவன். பிலிப்பா வெளுத்த முகத்தோடு, யாருக்காவது தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வெளியே வாத்தியம் முழங்கியது. ராயின் வாயைத் துடைத்து, தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது. ஓடைக்குப் போய்க் காத்திருந்தேன். பந்து அங்கே வராமல் போன வருஷமே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் வந்தது, முன்னூறு பேரோடு. கரையில் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள் என்றதும் ராயும் பெருமையாகத் தண்ணீரில் இறங்கினான். நான் அவன் முதுகில் பாய்ந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் அண்டா தூக்கிய கை என்னுடையது. பிடரி முடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் சொருகினேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். ஒரு பல் போனது. விடவில்லை. தூக்கினேன்.

"சொல்லு."

"பைத்தியக்கார நாயே!"

மறுபடியும் அமுக்கினேன். முழங்காலை முதுகில் ஊன்றினேன். அடியில் கல்லில் அவன் மூக்கு நொறுங்குவது என் கைக்குத் தெரிந்தது. சுற்றிலும் ஆண்கள் எங்கள்மேல் ஏறி மிதித்து ஓடினார்கள். ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை. உதறல் தளர்ந்தபோது தூக்கினேன்.

"சொல்லு, ராய்."

ரத்தமும் தண்ணீருமாகக் கக்கினான். அழுதான். "நான்தான்... கீத்தை நான்தான் அமுக்கினேன். பந்துக்காகத்தான்... சாவான்னு நினைக்கல."

யாராவது கேட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். பந்து வேலி தாண்டி வயலுக்குள் போய்விட்டிருந்தது. ஊர் மொத்தமும் அதன் பின்னால் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடை காலி. ஓட முடியாத ஒருவன் மட்டும் கரையில் கைத்தடியை ஊன்றி நின்றான். நெவில்.

ராயும் அவனைப் பார்த்தான். "நெவில், இவளைப் பிடிச்சு இழு! கொன்னுடுவா!"

"கேட்டுச்சா நெவில்?" என்றேன்.

நெவில் தண்ணீர் விளிம்புவரை வந்தான். கோணிப்போன தாடை அசைந்தது. ராயை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"கேட்டுச்சு" என்றான். "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

நான் பிடியை இறுக்கிக்கொண்டேன்.