பாதி சொல்லும் வீடு

நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை நான் அனுப்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, கொழும்பிலிருந்து எங்கள் மேலாளர் அஸீபா மிஸ் அழைத்துவிட்டார்.

“டிலோஜினி, பேசாலை யசிந்தாட தாள் பிழை. நூறைத் தாண்டினாலே கூட எண்டு எடுக்கிறம். இது நானூறையும் தாண்டி நிக்குது. அவ கூட்டிப் போட்டிருப்பா. போய்த் திருத்திக்கொண்டு வாங்கோ.”

அஸீபா மிஸ்ஸும் எங்கள் மன்னார்ப் பக்கம், கொண்டச்சியில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் ஆய்வுக் கந்தோரின் குளிரறையில் ஏழு வருடம் இருந்ததில் சோளகக் காற்று என்றால் என்னவென்று மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானாட்டானில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து பேசாலைக்கு ஸ்கூட்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பெரிய பாலத்தில் காற்று ஸ்கூட்டியை ஒரு பக்கம் தள்ளும், நான் மறுபக்கம் தள்ளுவேன். பாலம் தாண்டினால் நடுறோட்டில் கழுதைகள் நிற்கும். ஹோர்ன் அடித்தால் அவை திரும்பிக்கூடப் பார்க்காது. நான் போகும் வழியெல்லாம் அஸீபா மிஸ்ஸைத் திட்டிக்கொண்டே போனேன்.

எங்கள் ஆய்வு இதுதான். ஹீமோபீலியா என்று ஒரு வருத்தம். காயம்பட்டால் இரத்தம் லேசில் உறையாது. பரம்பரையாக வருவது. ஆம்பிளைகளின் வருத்தம் என்று பெயரெடுத்தது. அப்படியான குடும்பங்களில் இருக்கும் அம்மா, அக்கா, தங்கச்சிமாருக்கு மாதவிடாய் எப்படி, பிள்ளைப்பேறு எப்படி என்று வீடு வீடாகக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர்களிடம் ஒரு தாள் கொடுப்போம். அதில் மூன்று நப்கின் படங்கள்: கொஞ்சம் நனைந்தது, பாதி நனைந்தது, முழுக்க நனைந்தது. மாற்றும் ஒவ்வொரு தடவையும் பொருத்தமான படத்துக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் புள்ளி உண்டு. கூட்டுவது என் வேலை. கேள்வி கேட்கலாம், மருத்துவம் சொல்லக்கூடாது என்பது பயிற்சியில் மூன்று தரம் சொல்லித்தந்த சட்டம்.

யசிந்தா அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய தம்பி றோய்க்குத்தான் ஹீமோபீலியா. முழங்கால் மடங்காது. வீட்டின் முன்னறையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அந்த வீட்டில் மேசை மூலைகளுக்கெல்லாம் பழைய துணி சுற்றிக் கட்டியிருக்கும். றோய் தவழ்ந்த காலத்தில் அக்கா கட்டியது. பிறகு அவிழ்க்க மனமில்லாமல் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே வருகிறார்.

நான் போய் இறங்கியபோது அக்காவின் கணவர் எமிலியானுஸ் அண்ணை வாசலில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பெட்டி, மூன்றும் விளிம்புவரை.

“எப்பிடி அண்ணை மீன்பாடு?” என்று கேட்டேன்.

“என்ன பாடு. ஏதோ கறிக்குக் கிடைச்சுது.”

கறிக்காம். அந்தக் கறியை வைத்துப் பெருநாளுக்கு ஊரையே கூப்பிடலாம். எங்கள் நானாட்டானில் நெல் விளைந்தால் பத்து மூட்டையைப் பதினைந்து என்று சொல்லித்தான் பழக்கம். இந்தக் கரையில் ஏன் இப்படி என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

உள்ளே மகள் டினோஜா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். பதினாலு வயது. பள்ளிக்கூடம் நடக்கும் நாள்.

“அவளுக்கு அந்த மூண்டு நாள்,” என்றார் யசிந்தா அக்கா. “எழும்ப ஏலாது. எங்கட வீட்டுப் பொம்பிளையளுக்கு இப்பிடித்தான், அது சாதாரணம். நீங்கள் கதிரையில இருங்கோ பிள்ளை.”

நான் தாளை எடுத்து விரித்தேன். கோபத்தைக் காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். “அக்கா, நீங்கள் கோடுகளைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிட்டீங்கள் போல. கொழும்பில ஏலாது எண்டுகினம்.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கூட்டியோ? நான் பாதியல்லோ போட்டனான்.”

“என்னத்துக்குப் பாதி?”

“ஆர் பிள்ளை முழுசைச் சொல்லுறது? கண்ணூறு படும். கடலால வந்தாலும் பாதிதான் சொல்லுவம். அம்மா காலத்தில இருந்து அப்பிடித்தான். எனக்கு அது வாயில வந்திட்டுது, இப்ப கையிலயும் வந்திட்டுது.”

இதற்கு யார் கண்ணூறு போடப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனக்கணக்கு ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டின் இருமடங்கு எண்ணூற்று இருபத்து நாலு. அப்போதுதான் அலுமாரியடியில் சிப் பூட்டி நின்ற பயணப் பையைக் கண்டேன். அதன் மேல் மடித்த துவாயும் செபமாலையும் இருந்தன.

“எங்க அக்கா பயணம்?”

“திங்கக்கிழமை ஒப்பரேசன். கர்ப்பப்பையை எடுக்கினம். அஞ்சு மாசம் காத்திருந்து கிடைச்ச திகதி.”

“டொக்டரிட்ட றோய் அண்ணாட வருத்தத்தைச் சொன்னீங்களா?”

“கேட்டவர். உங்கட ஆக்களில இரத்தம் உறையாத வருத்தம் ஆருக்கும் இருக்கோ எண்டு. இல்லை எண்டனான். அது தம்பியின்ர வருத்தம். என்ர வருத்தத்துக்குள்ள அவனை ஏன் இழுப்பான்?”

“எவ்வளவு படுகுது எண்டு கேட்டிருப்பினமே?”

“ஓம். அதிலயும் பாதிதான்.”

சட்டம் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் மீறினேன். “அக்கா, றோய் அண்ணாட வருத்தத்தின்ர ஒரு பங்கு உங்களிட்டயும் இருக்கலாம். அப்பிடி இருந்தா, வெட்டின இடத்தில இரத்தம் நிக்காது. முதல்ல ஒரு சோதனை செய்ய வேணும். டொக்டரிட்ட திங்களுக்கு முந்திச் சொல்லுங்கோ.”

“சொன்னால் திகதியை வெட்டிப்போடுவினம்.” அவர் குரல் உயரவில்லை. “எனக்கு ஏலாது பிள்ளை. மாசத்தில பத்து நாள் நான் மனுசியில்லை. பூசையில முழங்காலில நிண்டு எழும்பப் பயம். கறுப்புப் பாவாடையைத் தவிர வேற உடுத்தி எத்தினை வருசம் தெரியுமோ? திங்கக்கிழமை முடிஞ்சால் எனக்கு விடுதலை. அதைக் கெடுக்காதைங்கோ.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதைக் கெடுக்காமல் விட்டால் திங்கட்கிழமை அவர் செத்துப்போகலாம் என்பதும் உண்மை.

முன்னறைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலை மட்டும். அதை விலக்கிக்கொண்டு றோய் அண்ணா காலை இழுத்து இழுத்து வந்தார். ஸ்க்ரூ ட்ரைவர் கையிலேயே இருந்தது.

“அக்கா, என்ர கடைவாய்ப் பல்லுப் பிடுங்கினது ஞாபகம் இருக்கோ?”

அக்கா மேசை மூலைத் துணியின் முடிச்சை இழுத்து இறுக்கினார்.

“ஒரு பல்லு. நாலு நாள் நிக்கேல்லை. நீ என்ர வாயில துணியை அமத்திக்கொண்டு நாலு நாளும் பக்கத்தில இருந்தனி. உனக்கு எடுக்கப்போறது பல்லில்லை.”

“அது நீ. நீ ஆம்பிளை.”

“எனக்காக மேசை மூலையெல்லாம் துணி கட்டின நீ. உனக்கு ஒருத்தரும் ஒண்டும் கட்டேல்லை. நானும் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறன், மடையன். திங்கக்கிழமை உனக்கு ஏதும் நடந்தால் நான் எப்பிடியக்கா இந்த வீட்டில இருக்கிறது?”

அவர் அழுதார். யசிந்தா அக்கா தம்பியின் கையிலிருந்த ஸ்க்ரூ ட்ரைவரை முதலில் வாங்கி மேசையில் வைத்தார், குத்திவிடும் என்று. பிறகுதான் தானும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஓட்டோவை எடுக்கச் சொல்லுங்கோ,” என்றார்.

மன்னார் கிளினிக்கில் எமிலியானுஸ் அண்ணையும் நானும் கூடவே நின்றோம். றோயின் வருத்தத்தை அக்கா ஒளிக்காமல் சொன்னார். அதுவரை நல்லாகத்தான் போனது. எவ்வளவு படுகிறது என்று தாதி மிஸ்ஸி கேட்டதும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

“கொஞ்சம் கூடத்தான், மிஸ்ஸி. மூண்டு நப்கின் பக்கெற் முடியும்.”

“ஆறு,” என்றார் எமிலியானுஸ் அண்ணை.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். “போன மாசம் ஆறு பக்கெற். அதுக்கு முந்தின மாசம் ஆறரை. கடையில வாங்கிக் குடுக்கிறது நான்தான்.” தான் பிடித்த மீனை ஒரு நாளும் முழுசாகச் சொல்லாத மனுசன் அரைப் பக்கெற்றையும் விடாமல் சொன்னார்.

ஒப்பரேசன் ஒத்திவைக்கப்பட்டது. இரத்தச் சோதனை முடிவு இரண்டு கிழமையில் வந்தது. இரத்தத்தை உறைய வைக்கும் அந்தச் சத்து நூற்றுக்கு ஐம்பதாவது இருக்க வேண்டுமாம். அக்காவுக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டோடு கத்தி வைத்திருந்தால் என்ற நினைப்பை எவ்வளவு துரத்தியும் அது போகவில்லை. டொக்டர் வேறு மருந்துகள் தொடங்கினார், இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தார். கர்ப்பப்பையை எடுக்கிற கதையைப் பிறகு பார்ப்போம் என்றார். சட்டம் மீறியதற்கு அஸீபா மிஸ் என்னை நல்லாக ஏசினார். ஏசி முடித்து, “நல்ல வேலை செய்தீங்க,” என்றும் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது தாள். இந்த முறை எழுபத்து நாலு. அனுப்பிப் பத்து நிமிடத்தில் போன்.

“பிழை, டிலோஜினி. இவ்வளவு இறங்காது. பாதி சொல்லுற ஆக்கள் எண்டு நீங்கதானே சொன்னீங்க. போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ.”

மறுபடியும் பாலம், காற்று, கழுதைகள். போய்ச் சேர்ந்தபோது யசிந்தா அக்கா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடியில் ஒரு வெள்ளைப் பாவாடை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. பாதியோ?”

“இல்லைப் பிள்ளை,” என்றார். “இது முழுசு.”

எனக்கு வந்த சந்தோஷத்தில் அஸீபா மிஸ்ஸை ஏசக்கூட மறந்துபோனேன். உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார். டினோஜா அன்றைக்கும் பாயில்தான் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா என் பக்கம் திரும்பினார்.

“உங்களிட்ட இன்னொரு தாள் இருக்கோ?”

“அக்கா, எங்கட ஆய்வில பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச ஆக்களைச் சேர்க்கிறேல்லை.”

“ஆய்வுக்கில்லை, டொக்டரிட்டக் காட்ட. இவளுக்குச் சாதாரணம் எண்டு சொன்னது நான்தானே.”

நான் ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, படங்களை விளங்கப்படுத்தினேன். டினோஜா எழும்பி உட்கார்ந்து, பேனையைத் திறந்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாத்தையும் போடவோ, அம்மா?”

“எல்லாத்தையும் போடு,” என்றார் யசிந்தா அக்கா. “ஒரு கோடும் குறைக்காதை.”