தம்பி போட்ட ஒட்டு

நான் அழுத்தக்கூட இல்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது.

தம்பியின் பட்டறையில், மரக்கட்டைகள் மேல் ஏறி நின்ற, நான் ஓட்டுகிற என் படகின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தேன். வருஷாவருஷம் செய்கிற வேலைதான். பாசியைச் சுரண்டி, கரைந்துபோன ஜிங்க் கட்டிகளை மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் முதலில் அந்தக் கட்டியைத் தின்னும். அது இருக்கும்வரை அலுமினியம் தப்பிக்கும். போன வருஷம் கட்டி தீர்ந்ததைக் கவனிக்காமல் கோட்டைவிட்டேன். அடித்தகட்டில் வெள்ளைப் பொடி பூத்து, குழி குழியாக அரித்துவிட்டது.

"அரிச்ச இடத்தை வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணிட்டேன்க்கா" என்றான் தம்பி. மேலே பளபளவென்று சாம்பல் பெயிண்ட். கூடப் பிறந்தவன் வேலையைச் சுரண்டியா பார்ப்பார்கள்?

இப்போது சுரண்டினேன். தகடே இல்லை. நசுங்கிய கார் கதவுக்குப் பூசுகிற பட்டி, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இதன்மேல் உட்கார்ந்துதான் பதினான்கு பிள்ளைகள் தினமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

"டேய், இங்க குனி. இது என்ன?"

குனிந்தான். கையிலிருந்த டீ சிந்தியது. "பட்டி."

"அது எனக்கும் தெரியுது. தகடு எங்க?"

"அந்தக் கனத்துல அப்ப கிடைக்கலக்கா. நீ வேற பள்ளிக்கூடம் தொறக்குதுன்னு உயிரை எடுத்தே. அப்புறம் மாத்திக்கலாம்னு..."

"அப்புறம்னா? நாங்க நடுத்தண்ணில மீனோட குடித்தனம் பண்ணும்போதா?"

அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "ஒரு வருஷமா ஒண்ணும் ஆகலையே!"

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி சாப்பாட்டோடு வந்தாள்.

"அப்பாடா, ஒருவழியா அடித்தகட்டுல கை வச்சாச்சா அண்ணி? இனி எங்க பொண்ணும் படகுலயே வரட்டும். பஸ்ல சுத்திப் போய் அலுத்துட்டா."

"அவளுக்குப் படகு ஆடினா தலை சுத்துதுன்னுதானே நிறுத்தினீங்க?"

"தலைசுத்தலா? தகடு மாத்துற வரைக்கும் ஏத்தாதேன்னு இவர்தான்..." கணவன் முகத்தைப் பார்த்தவள் பாதியில் நிறுத்தினாள்.

தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டான். மற்ற பிள்ளைகளோடு தினமும் போய்வந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"படகைப் பார்க்க நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராருக்கா" என்றான், குரலைத் தாழ்த்தி. "ஓட்டை தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். இப்போதைக்கு இதையே பூசிடுவோம். லீவுல கண்டிப்பா தகடு."

"சரி. நாளன்னிக்கு உன் பொண்ணை முதல் ஆளா ஏத்து."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான்.

அவனுடைய கிரைண்டரையே எடுத்தேன். அலுமினியத்தில் பொறி பறக்காது. வெள்ளித் தூள்தான் கொட்டும். "ஐயோ, அக்கா!" என்று கத்தினான். அரிப்பில்லாத நல்ல உலோகம் மின்னும்வரை சுற்றிலும் வெட்டினேன். இனி எந்தப் பட்டியும் மறைக்க முடியாத அகலத்துக்கு ஓட்டை திறந்துகொண்டது.

"நானே வெல்டு பண்ணித் தரேன்க்கா. இப்பவே."

"வேற ஆள் வருவாரு. நீ தள்ளு."

கையில் ஒட்டிய தூளைச் சேலையில் துடைத்துவிட்டு, பட்டியலில் முதல் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நாளன்னிக்குப் படகு ஓடாதும்மா. காரணத்தைப் பட்டறைக்கு வந்து உங்க கண்ணால பாருங்க. உங்க பிள்ளையை ஒரு வருஷமா ஓட்டைப் படகுல கூட்டிட்டுப் போயிருக்கேன்."