பதினைந்தில் பதினான்கு

மாக்ரெட் ஈரப்பஞ்சால் உதட்டை ஒற்றும்போது தகப்பன் கண்ணைத் திறந்தார்.

"இந்தக் கிழமை எத்தனை, பிள்ளை?"

"புதுசா ரெண்டு பிள்ளையளுக்குத்தான், அப்பா. காலமை கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேட்டனான்."

"நான் மூண்டெண்டெல்லோ போட்டனான்." கிளெமென்ற் மாஸ்டர் சிரித்தார். "பிழைச்சது நல்லதுக்குத்தான்."

வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களால் கொழும்பு கொட்டாஞ்சேனை லொட்ஜுகள் நிரம்பி வழிந்த அந்த வருடம், பிள்ளைகளிடையே சின்னமுத்து என்கிற தட்டம்மை பரவியது. தாதியான மாக்ரெட் கொண்டுவந்த எண்களை வைத்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான தகப்பன் கணக்குப் போட்டார். ஒரு பிள்ளையிலிருந்து பதினைந்து பேருக்குத் தொற்றும். அதில் பதினான்கு பேருக்கு ஊசி போட்டிருந்தால் நோய் போக இடமில்லாமல் அடங்கிவிடும்.

ஆனால் மொத்தம் எத்தனை பிள்ளைகள்? பட்டியல் என்றாலே பொலிஸ் பதிவென்று பயந்து, கிளினிக்கிலிருந்து கேட்கப் போனவர்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பலவீனமான இருதயத்தோடு மாஸ்டரே படியேறினார். மாக்ரெட் சண்டை பிடித்தும் கேட்கவில்லை.

"பேர் வேண்டாம். எத்தனை பிள்ளையள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. கணக்குக்குப் பேர் தேவையில்லை."

இரண்டு மாதம் ஏறி இறங்கினார். அவர் கொடுத்த எண்ணிக்கைப்படி கிளினிக் ஆட்கள் லொட்ஜு லொட்ஜாகப் போய் ஊசி போட்டார்கள். பிறகு படுத்துவிட்டார்.

ரெண்டு என்று கேட்டுச் சிரித்த அன்று மத்தியானம் நித்திரையிலேயே மூச்சு அடங்கியது. நாடி நின்ற பிறகும் மாக்ரெட் அவருடைய மணிக்கட்டை விடவில்லை.

மறுநாள் முன் விறாந்தையில் சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் மாடி லொட்ஜில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா அவளருகே வந்தார்.

"மாஸ்டர் எங்கட வாசலில மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டவர், தங்கச்சி. தண்ணி குடுத்தன். குடிச்சிட்டு, எத்தனை பிள்ளையள் எண்டார். பயத்தில ரெண்டெண்டு பொய் சொல்லிப்போட்டன். ஆள் கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கிப் போறதைப் பாக்க மனம் கேக்கேல்லை. பின்னால ஓடிப்போய், நாலு பேர் எண்டன்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"சந்தோசம் எண்டு எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போயிட்டார்."

லொட்ஜுப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பெட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மாக்ரெட்டின் மாமி அதட்டப் போனாள்.

"நிக்கட்டும் மாமி," என்றாள் மாக்ரெட்.

பெட்டி தூக்க நேரமானது. தூக்குபவர்களின் காலில் இடறாமல், வாசலில் கிடந்த சின்னச் சின்னச் செருப்புகளை அவள் சோடி சோடியாகச் சுவரோரம் ஒதுக்கினாள். ஒரு சிவப்புச் செருப்புக்கு மட்டும் சோடி இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். மற்றதைப் போட்டபடியே உள்ளே ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். மாக்ரெட் போய்க் குனிந்து, இதையும் அவள் காலில் மாட்டிவிட்டாள்.