குளம் மிதந்த ஞாயிற்றுக்கிழமை

பனிக்காலம் வந்தால் ஊரில் பாதிப் பேர் நீச்சல் குளத்தின் மேல் பாயை இழுத்துக் கட்டிவிட்டு, ஏப்ரல் வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ரெஜின் அப்படி இருக்கமாட்டாள். அக்டோபர் கடைசியில் தண்ணீரை நாலு விரல் இறக்கி, குழாய்களில் தங்கியதை ஊதி வெளியேற்றி, குளிர்கால மருந்தை ஊற்றுவாள். அடியில் மணல் போட்ட பிளாஸ்டிக் புட்டிகளைக் கயிற்றில் கோத்து, மூலைக்கு மூலை மிதக்க விடுவாள். தண்ணீர் உறைந்தால் சுவரை நெருக்காமல் புட்டிகளை நெருக்கட்டும் என்று. அதற்கு மேல் வலைப்பாய். வாரம் ஒருமுறை துடைப்பத்தோடு போய்ப் பாயைப் பெருக்குவாள்.

"அதுக்கு ஒரு ஸ்வெட்டரும் பின்னிப் போட்டுடேன்" என்பார் அவள் கணவர் நொர்பேர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டையே பிடிக்காத மனிதர்.

"உனக்குப் பின்னினதே நீ போடறதில்ல. குளமாவது போட்டுக்கும்."

முப்பத்தொரு வருடம் ரொட்டிக்கடையில் நின்றே வேலை பார்த்தவள் ரெஜின். கடையை விட்டபோது மிச்சமிருந்தது இரண்டு கெட்ட முழங்கால். ஓய்வு பெற்ற வருடம்தான் குளம் வந்தது, ஒரே துண்டாக வார்த்த வெள்ளைத் தொட்டி, லாரியில். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதிலிருந்து மே முதல் செப்டம்பர் வரை, காலைக் காப்பிக்கு முன்னால் இருபது தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்துவாள். தண்ணீருக்குள் மட்டும் முழங்கால்கள் அவள் பேச்சைக் கேட்கும்.

அந்த வெள்ளைத் தொட்டிக்கு ஒரே எதிரி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்ரூட் மரம். மர்செலேன் கிழவருடையது. அதன் இலை பாயில் விழுந்து ஊறி, மழையோடு சாயம் கீழே இறங்கும். மூன்று வருடம் முன்பு ரெஜின் அந்த இலைகளை மூன்று மூட்டையாகக் கட்டி, அவர் வாசலில் வைத்து, 'உங்கள் சொத்து' என்று சீட்டும் எழுதிக் குத்திவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

போன ஈஸ்டருக்கு நொர்பேரின் அக்கா உகெத் வந்திருந்தாள். குளத்தை எட்டிப் பார்த்து, "என்ன ரெஜின், தேத்தண்ணி போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ரெஜினுக்கு அது பத்து மாதம் நெஞ்சுக்குள் கிடந்தது.

இந்த ஈஸ்டருக்கும் உகெத் வரப்போகிறாள், எட்டு நாள் தங்க. பிப்ரவரியில் இரண்டு வாரம் விடாத மழை. மூன்றாவது ஞாயிறு வெயில் அடித்தது. ரெஜின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"நிலவறையில தண்ணி எடுக்கற பம்பு எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"குளத்தை முழுசாக் காலி பண்ணித் தேய்க்கப்போறேன். உங்க அக்கா வரும்போது பால் மாதிரி இருக்கணும்."

"தபாதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்." தபாதிதான் குளத்தைப் பதித்துக் கொடுத்தவர்.

"தொட்டியைக் கழுவறதுக்கு யோசனை வேற கேக்கணுமா? நீ வாத்துக்கறி அடுப்பில இருக்குதா பாரு."

பாயைச் சுருட்டி, புட்டிகளை இழுத்துக் கரையேற்றி, பம்பை இறக்கினாள். தண்ணீர் இறங்க இறங்க ஏணியில் நின்று, நீளக் கைப்பிடி வைத்த தூரிகையால் சுவரைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பழுப்பு கரைந்து வெள்ளை தெரிந்தபோது பாட்டுக்கூடப் பாடினாள். மதியச் சாப்பாட்டுக்குள் பாதிக் குளம் காலி.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவளுக்குக் குளத்து விளிம்பில் கால் தடுக்கியது.

ரெஜின் குனிந்து பார்த்தாள். நேற்றுவரை புல்லோடு சமமாக இருந்த விளிம்பு. இப்போது நாலு விரல் மேலே நின்றது. பக்கத்தில் மண் வாய் பிளந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து, யாரோ நாற்காலியை இழுத்தது போல ஒரு சத்தம்.

"நொர்பேர்" என்றாள். எப்போதும் கத்திக் கூப்பிடுகிறவள், இன்று சத்தம் போடவில்லை. அதனால்தான் அவர் ஓடி வந்தார்.

தபாதி ரக்பி மைதானத்தில் இருந்தார். போனுக்குள் கூட்டத்தின் இரைச்சல்.

"எவ்வளவு தண்ணி எடுத்தீங்க, மதாம்?"

"பாதிக்கு மேல."

"பம்பை நிறுத்துங்க" என்றார். "ரெண்டு வாரம் மழை. மண்ணுக்குள்ள தண்ணி நிக்குது. குளத்துக்குள்ள தண்ணி இருக்கற வரைக்கும் அந்தக் கனம் தொட்டியைப் பிடிச்சு வச்சிருக்கும். காலி பண்ணிட்டா அது தொட்டி இல்ல, படகு."

"இப்ப என்ன பண்றது?"

"தண்ணிய உள்ள விடுங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. இன்னும் ஒரு சாண் எழும்பிச்சுன்னா குழாயெல்லாம் பிடுங்கிக்கும், தொட்டி விரிசல் விட்டுரும். அப்புறம் அதை வெட்டித்தான் எடுக்கணும். மூலையில வெள்ளை மூடி போட்ட குழாய் ஒண்ணு நட்டு வச்சேனே, அதுக்குள்ள உங்க பம்பை இறக்கி மண்ணுல இருக்கற தண்ணிய வெளியே எடுங்க. அதுக்குத்தான் அதை வச்சதே."

"எந்தக் குழாய்?"

கேட்கும்போதே ரெஜினுக்குத் தெரிந்துவிட்டது. அசிங்கமாக இருக்கிறதே என்று அதன் மேல் அவள் பெரிய அரளித் தொட்டியைத் தூக்கி வைத்து ஆறு வருடம் ஆகிறது.

இருவருமாக அரளித் தொட்டியை நகர்த்தினார்கள். மூடியைத் திறந்தால் கை எட்டும் உயரத்தில் தண்ணீர் நின்றது. நொர்பேர் பம்பை அதற்குள் இறக்கினார். தோட்டத்துக் குழாயையும் குளத்துக்குள் திறந்துவிட்டார்கள். அது நூல் மாதிரி விழுந்தது.

"இது நிறைய ரெண்டு நாள் ஆகும்" என்றார் நொர்பேர்.

"தெரியுது."

"மர்செலேன்கிட்ட தோப்புக்குத் தண்ணி பாய்ச்சற பம்பு இருக்கு. குட்டையும் நிறைஞ்சு கிடக்கு. மூணு மணி நேரத்துல நிறைச்சிரும்."

"நீ போய்க் கேளேன்."

"மூட்டையைக் கொண்டுபோய் வச்சது நான் இல்ல."

இத்தனை வருடத்தில் நொர்பேர் அவளை எதிர்த்துப் பேசியது அன்றுதான். ரெஜின் ஈரப் பூட்ஸோடு வேலியைச் சுற்றி நடந்தாள்.

மர்செலேன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது, தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றாதவர்.

"வாங்க மதாம். மறுபடியும் மூட்டையா?"

"மூட்டை இல்ல. உங்க பம்பு வேணும்."

"எதுக்கு?"

"என் குளம் மிதக்குது."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "குளத்துல வாத்து மிதக்கும், இலை மிதக்கும். குளம் எதுல மிதக்கும்?"

"மண்ணுல."

"நிஜமாவா?"

"நாலு விரல் எழும்பிருச்சு. அந்தச் சாயத்தைத் தேய்க்கலாம்னு நான்தான் காலி பண்ணேன்." அவள் நிறுத்தி, மூச்சு வாங்கினாள். "உங்க மரத்தைப் பத்தி இனிமே நான் வாயத் திறக்கமாட்டேன். மூட்டையும் கொண்டு வந்து வைக்கமாட்டேன். அந்தக் குளம் இல்லன்னா என் முழங்காலுக்கு வேற வழி கிடையாது. வர முடியுமா?"

"ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"நான் கிட்ட நின்னு பார்க்கணும். இந்த வயசுவரைக்கும் குளம் மிதந்து நான் பார்த்ததில்ல."

அவர் டிராக்டரில் வந்தார். தொடை பருமன் குழாய் பின்னால் பாம்பு மாதிரி இழுபட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிராக்டர் ஓடினால் ஊருக்குப் பொறுக்காது. ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

குழாய் ஒருமுறை இருமிவிட்டுக் கொட்டியது. காப்பி நிறத்தில் தண்ணீர். பாசி, நாணல் துண்டு, ஒரு தவளை. காலையிலிருந்து தேய்த்த வெள்ளைச் சுவரில் அது வழிந்தபோது ரெஜின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன மதாம், முகம் இப்படிப் போகுது?" என்றார் மர்செலேன். "குடிக்கவா போறீங்க?"

"தவளை வேற வருது."

"அதுக்கு வாடகை கேக்கமாட்டேன். நீங்களும் கேக்காதீங்க."

நொர்பேர் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, பென்சிலால் கோடு போட்டிருந்தார். கால் மணிக்கு ஒருமுறை மண்டியிட்டுப் பார்த்தார். முதல் ஒரு மணி நேரம் கோடு அசையவில்லை. இரண்டாவது மணி நேரத்தில், "ஒரு விரல்" என்றார். பிறகு, "ஒண்ணரை." பின்னால் நின்றவர்கள் அதை ரக்பி புள்ளி மாதிரி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். வெயில் சாயும் நேரத்தில் மறுபடி அந்த நாற்காலிச் சத்தம் கேட்டது. குளம் உட்கார்ந்துவிட்டது.

ரெஜின் கொடிமுந்திரிச் சாராயத்தையும், இருந்த கோப்பைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள்.

மறுநாள் தபாதி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரிசல் இல்லை, குழாயும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வடக்கு மூலை மட்டும் இரண்டு விரல் உயர்ந்தே நின்றுவிட்டது. "அடியில மண்ணு சரிஞ்சிருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். இனிமே தொடாதீங்க" என்றார். போகும்போது அரளித் தொட்டியைத் தானே வேலியோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மர்செலேன் குழாயைச் சுருட்ட வந்தார்.

"மரத்தை வேணா வெட்டிடறேன், மதாம். எனக்கும் கொட்டை பொறுக்க இடுப்பு வளையல."

"வெட்டினா அக்டோபர்ல நான் யாரைத் திட்டறது?"

"வாயத் திறக்கமாட்டேன்னீங்க."

"குளம் மிதக்கறப்ப சொன்னது. இப்பதான் உட்கார்ந்திருச்சே."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். "என்கிட்ட ப்ளம் உலுக்கறப்ப விரிக்கற பெரிய வலை இருக்கு. இலை உதிர்ற மாசம் அது சும்மாத்தான் கிடக்கும். வேலிக்கு மேல கட்டிடலாமா?"

"கட்டலாம். கொட்டை உங்களுக்கு."

"இலை?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

ஈஸ்டர் வரைக்கும் ஆறு வாரம், வடிகட்டியை ஓட்டி ஓட்டி, அடியில் தேங்கியதை உறிஞ்சி எடுத்து, ரெஜின் தண்ணீரைத் தெளியவைத்தாள். தவளையை வாளியில் வைத்துக் குட்டைக்கே கொண்டுபோய் விட்டாள். ஆனால் தேய்த்தது பாதிதானே. மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி பழைய தேநீர் நிறம்.

உகெத் வந்தாள். பெட்டியை வைத்த கையோடு தோட்டத்துக்குப் போனாள். குளத்தின் முன் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"ரெஜின், உன் குளத்துல தண்ணி கோணலா நிக்குது."

"தண்ணி நேராத்தான் நிக்குது, நாத்தனாரே. குளம்தான் கோணல்."

"அடியில வேற நிறம்."

"ஆமா. ரெண்டு நிறம்."

"இதை இப்படியேவா விடப்போற?"

ரெஜின் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். உள்ளே நீச்சல் உடை. தண்ணீர் பதினாறு டிகிரிதான் இருந்தது. ஏணியில் ஒவ்வொரு படியாக, முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்கினாள். கழுத்துவரை போனதும் திட்டு நின்றது. கால்கள் லேசாகின. பல் கிட்டிக்க அந்தக் கரை வரை போய், உயர்ந்த மூலையைக் கையால் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"பைத்தியம்" என்றாள் உகெத், தம்பியைப் பார்த்து. நொர்பேர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் அன்று ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

வேலிக்கு மேலே ஒரு தொப்பி எழும்பியது.

"மதாம், மிதக்குதா?"

"இந்தத் தடவை நான் மட்டும்தான்" என்றாள் ரெஜின், மல்லாந்து படுத்தபடி.